இரு மலைகளும் ஒரு கடிகாரமும்



வானொலி நிலையத்தில் பேச வருகிறவனை முதலில் மிரட்டுவது ஒலிவாங்கி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. அவனை மிரட்டுவது எதிர்ச் சுவரில் இருக்கும் கடிகாரமே. அதன் வினாடி முள் யாருக்காகவும் நிற்பதில்லை. அது ஆறரை காட்டும்போது ஆம்பூரில் ஆறரை, வேலூரில் ஆறரை, ஏலகிரி மலையிலும் ஜவ்வாது மலையிலும் ஆறரை. இதில் என்ன வியப்பு என்று கேட்பீர்கள். அந்த ஆறரை ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமான ஆறரை என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

இந்தப் பேச்சுக்குக் காரணம் என் தங்கை மகள். அவள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பகுதியில் வேலை செய்கிறாள். வாரம் ஆறு நாளும் விடியலில் கம்பெனிப் பேருந்து வந்து ஏற்றிக்கொண்டு போகும். மிஞ்சுவது ஞாயிறு ஒன்று. சென்ற மாதம் ஒரு மாலை என்னிடம் வந்து, "மாமா, நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு நாள் மலைக்குப் போகலாம் என்றிருக்கிறோம். ஏலகிரிக்குப் போகலாமா, ஜவ்வாது மலைக்குப் போகலாமா? எங்கே முதலில் விடியும்? எங்கே நேரம் அதிகம் கிடைக்கும்?" என்று கேட்டாள். கடைசிக் கேள்வியைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது, மூன்று கேள்விகளில் அதுவே ஆழமானது என்று தோன்றிற்று.

என்னிடம் ஏன் கேட்டாள் என்று சொல்ல வேண்டும். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தோல் பதனிடும் கம்பெனியின் காரியாலயத்தில் கடிதப் போக்குவரத்தைக் கவனித்தவன். எங்கள் அறையில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன. ஒன்று நம் நேரத்தைக் காட்டும்; மற்றது ஹாம்பர்க் நகரத்து நேரத்தைக் காட்டும். குளிர்காலத்தில் ஜெர்மனி நமக்கு நாலரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். மார்ச்சுக் கடைசியில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவார்கள்; அக்டோபர்க் கடைசியில் மறுபடியும் பின்னே இழுப்பார்கள். கோடையில் வேறுபாடு மூன்றரை மணி; குளிர்காலத்தில் நாலரை மணி. அவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேசையைப் பூட்டும்போது எங்களுக்குக் கோடையில் இரவு எட்டரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. ஜெர்மனியில் முள்ளைத் திருப்பினால் ஆம்பூரில் குமாஸ்தாவின் இரவுச் சோறு ஆறிப்போகும். நேரம் என்பது வானத்தில் இருக்கிறதா, காரியாலயத்தில் இருக்கிறதா என்ற ஐயம் எனக்கு அப்போதுதான் எழுந்தது.

அந்நாளில் அந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளச் சில நூல்களைத் தேடிப் படித்தேன். அதன் சுருக்கத்தை நேயர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

பூமி ஒரு முறை தன்னைச் சுற்றிக்கொள்ள 24 மணி நேரம் ஆகிறது. 360 பாகைக்கு 24 மணி என்றால், ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிழக்கே இருக்கிற ஊரில் சூரியன் முன்னே உச்சிக்கு வரும். மேற்கே இருக்கிற ஊரில் பின்னே வரும். ஆகவே ரயில் வருவதற்கு முன் ஒவ்வோர் ஊருக்கும் அதன் அதன் நண்பகல் இருந்தது. ஊருக்கு ஊர் வேறுபாடு இருந்தும் யாருக்கும் இடர் இல்லை. மாட்டு வண்டியில் போகிறவனுக்கு மூன்று நிமிடம் என்ன கணக்கு?

இடரைக் கொண்டுவந்தது ரயில். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி சென்னை இராயபுரத்திலிருந்து நம் வாலாஜா வரையில் ஓடிற்று. அது நம் தோல் வட்டாரத்தின் வாசற்படி. பிறகு இருப்புப்பாதை ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று நீண்டது. ஊருக்கு ஒரு மணி என்றால் ரயில்கள் மோதிக்கொள்ளும். ஆதலின் ஒரு நேரத்தைப் பொதுவாகக் கொண்டார்கள். அது சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் நேரம். கோல்டிங்காம் என்ற வானியல் அறிஞர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நிலையத்தின் தீர்க்கரேகையைக் கணித்திருந்தார். அதன்படி சென்னை, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முன்னே இருந்தது. அந்த நிலையத்தின் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கத்து வானிலை அலுவலகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. சென்னைக்குப் போகிற நேயர்கள் கடற்கரைக்கும் கடைத்தெருவுக்கும் ஒதுக்குகிற நேரத்தில் கால் மணி அதற்கும் ஒதுக்கலாம்.

இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் என்ற ஏற்பாடு 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி வந்தது. கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையை அடிப்படையாகக் கொண்டு, கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னே வைத்தார்கள். அன்று சென்னைக் கடிகாரங்கள் ஒன்பது நிமிட அளவு முன்னே தள்ளப்பட்டன. கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தங்கள் சொந்த நேரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரையில், இந்தியா முழுவதும் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே ஓடின. என் தந்தையார் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம், "புது மணியா, பழைய மணியா என்று கேட்காமல் அன்றைக்கு யாரும் முகூர்த்தத்துக்குப் போனதில்லை" என்பார்.

இனி நம் மலைகளுக்கு வருவோம். ஜோலார்பேட்டையை நோக்கிச் செல்லும் ரயிலில் இடப்பக்கத்துச் சாளரத்தில் அமர்ந்தால், ஆம்பூரைத் தாண்டியதும் தொலைவில் நீண்டு கிடப்பது ஜவ்வாது மலைத்தொடர். வாணியம்பாடிக்கு அப்பால் தனித்து எழுந்து நிற்பது ஏலகிரி. 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிற்று. ஜவ்வாது மலையோ ஒரு மாவட்டத்துக்குள் அடங்குகிற மலை அன்று; வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்றின் மேலும் காலை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறது.

ஏலகிரி ஏறத்தாழ 78 பாகை 38 கலையில் உள்ளது. 82½ பாகைக்கும் அதற்கும் உள்ள தூரத்தை நான்கால் பெருக்கினால் பதினைந்தரை நிமிடம் வரும். அதாவது நம் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது, ஏலகிரியின் சொந்தக் கணக்கில் பதினொன்றே முக்கால்தான். ஜவ்வாது மலையில் காவலூர் 78 பாகை 50 கலை. அதற்குரிய பின்னடைவு பதினைந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இன்னும் கிழக்கே ஜமுனாமரத்தூரை எடுத்துக்கொண்டாலும் ஏலகிரிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு ஒரு நிமிட அளவே. ஜவ்வாதில் ஒரு நிமிடம் முன்னே விடியும். ஏலகிரியில் ஒரு நிமிடம் பின்னே பொழுது சாயும். "இதற்காகவா மாமா இவ்வளவு கணக்கு?" என்றாள் என் மருமகள். "பொறு" என்றேன்.

தீர்க்கரேகை மட்டும் விடியலை முடிவு செய்வதில்லை. உயரமும் சேர்ந்துகொள்கிறது. சமவெளியிலிருந்து 700 மீட்டர் உயர்ந்த பாறையில் நின்றால் அடிவானம் முக்கால் பாகை தாழ்ந்து தெரியும். ஆகையால் கீழே ஆம்பூரில் இருக்கிறவனுக்கு மூன்று நிமிடம் முன்னதாகவே மேலே இருக்கிறவன் சூரியனைக் கண்டுவிடுவான். மாலையில் மூன்று நிமிடம் பின்னும் காண்பான். கிழக்கே மறைப்பு எதுவும் இருக்கக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. ஏலகிரியில் சுவாமிமலை என்ற சிகரத்தின்மேல் ஏறினால் கிழக்கே என்ன தெரிகிறது? ஜவ்வாது மலை! ஏலகிரிக்காரர்களின் சூரியன் ஜவ்வாது மலைக்குப் பின்னாலிருந்துதான் எழுந்து வர வேண்டும். உயரம் கொடுத்த சலுகையில் ஒரு பங்கை அந்த மலை வாங்கிக்கொண்டுவிடுகிறது. ஜவ்வாதின் கிழக்குச் சரிவில், போளூர்ச் சமவெளி தெரியும் இடத்தில் நிற்பவனுக்கு அத்தகைய குறுக்கீடு இல்லை. ஆகவே முதற் கேள்விக்கு விடை: முதலில் விடிவது ஜவ்வாதில்.

இன்னொரு செய்தியும் உண்டு. சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே சீராக உச்சிக்கு வருவதில்லை. பூமியின் பாதை வட்டமாக இல்லாததாலும், அச்சு சாய்ந்திருப்பதாலும், நவம்பர்த் தொடக்கத்தில் அது 16 நிமிடம் முந்திவிடும்; பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்திவிடும். நம் பகுதியின் கால் மணிப் பின்னடைவோடு இதைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். நவம்பர்த் தொடக்கத்தில் ஆம்பூரில் கடிகாரத்தின் பன்னிரண்டும் சூரியனின் உச்சியும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். பிப்ரவரியில் உச்சிப்பொழுது வர மணி பன்னிரண்டரை ஆகிவிடும். நிழலைப் பார்த்துச் சாப்பாட்டு நேரம் சொல்கிற கிழவர்களை நம் பிள்ளைகள் பரிகசிப்பதுண்டு. கிழவர் தவறியதில்லை, கடிகாரம்தான் மிர்ஜாப்பூர்ப் பக்கத்து வெயிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இனி, பிரயாணத்தின் இன்பம் எங்கே என்ற கேள்வி.

ஏலகிரி கடல்மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டருக்குச் சற்று அதிகம். ஆம்பூரைவிட எழுநூறு மீட்டருக்கு மேல் உயரம். ஆகையால் இங்கே நாம் கொதிக்கும் நாளில் அங்கே ஐந்து பாகை அளவு குளிர்ச்சி இருக்கும். பொன்னேரியிலிருந்து ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குப் புலவர்கள், வள்ளல்கள் ஆகியோரின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். வள்ளுவரில் வயிறு கலங்கிக் கபிலரில் கண்ணை மூடிக்கொள்கிறவர்களும் உண்டு. தமிழ்ப் பற்று இல்லாமையால் அன்று. மேலே புங்கனூர் ஏரி, அதில் படகு, பூங்கா, வேலவன் கோயில், பலாத் தோப்பு, சுவாமிமலைக்கு நடைவழி. மலையின் மறுபக்கத்தில் ஜலகாம்பாறை அருவி. கோடையில் அரசாங்கம் விழா நடத்தும். ஏழைகளின் உதகை என்று இதைச் சொல்வார்கள். சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காட்டையும் அப்படியே சொல்வார்கள். ஏழைக்கு இரண்டு உதகைகள் இருப்பது நல்லதே. ஆனால் சனி ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் மோட்டார்களையும், விடுதிகளின் வாடகையையும் பார்த்தால், அந்தப் பெயரை எத்தனை நாள் வைத்துக்கொள்ள முடியுமோ தெரியவில்லை.

ஏலகிரியின் பெருமை அதன் நிச்சயம். காலையில் புறப்பட்டால் ஒன்றரை மணி, இரண்டு மணியில் மேலே இருக்கலாம். எது எத்தனை மணிக்குத் திறக்கும், எப்போது மூடும் என்பது தெரியும். மாலையில் திரும்பிவிடலாம். சங்கு ஊதும் நேரத்துக்கு ஓடிப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு ஏற்ற மலை அது.

ஜவ்வாது மலையைப் பற்றி அப்படிச் சொல்ல இயலாது. அந்த மலைக்கும் நமக்கும் உள்ள உறவு சுற்றுலாவில் தொடங்கியதும் அன்று. குரோமிய உப்பு வருவதற்கு முன் நம் பகுதியில் தோலை ஆவாரம்பட்டை ஊறிய நீரில் பதனிட்டார்கள். பிறகு நிறம் சிறக்கக் கடுக்காய் நீரில் நனைத்தார்கள். ஜவ்வாது மலை கடுக்காய்க்குப் பேர்போனது. தேன், புளி, சாமை, பலா ஆகியவையும் அங்கிருந்து இறங்கிவரும். சந்தனம் முன்னே மிகுதியாக இருந்தது. நம் தோல் கப்பலேறி இலண்டனுக்குப் போனபோது, ஜவ்வாது மலையின் கடுக்காய்த் துவர்ப்பும் அதனோடு போயிற்று. அந்த முறை சுருங்கிக் குரோமியப் பதனீடு பெருகியது. கழிவு பாலாற்றில் கலந்தது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு வழங்கியது. அதன் முழுக் கதையை இன்னொரு நாள் பேசலாம். கடுக்காய் மூட்டை குறைந்தபோது நமக்கும் அந்த மலைக்கும் இருந்த பேச்சுவார்த்தையும் குறைந்துவிட்டது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

நான் அங்கே முதன்முதலாகப் போனது 1987-ஆம் ஆண்டு பிப்ரவரி நடுவில். ஆலங்காயம் வழியே ஏறி, ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு சிற்றூரில் இறங்கினேன். திரும்புகிற கடைசிப் பேருந்து எப்போது என்று தேநீர்க் கடைக்காரரைக் கேட்டேன். "பொழுது சாய்ந்ததும் வரும் ஐயா" என்றார். நான் கணக்குத் தெரிந்தவன் அல்லவா? பஞ்சாங்கப்படி அன்று சூரிய அத்தமனம் ஆறு மணி இருபது நிமிட அளவில். ஆகவே காட்டு வழியே நன்றாகச் சுற்றிவிட்டு, ஆறு மணிக்குக் கம்பீரமாக நிழற்குடைக்கு வந்து சேர்ந்தேன். பேருந்து போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

பிழை என்னுடையது. அந்த ஊருக்கு மேற்கே நெடிய மலைமுகடு ஒன்று இருக்கிறது. அது பத்துப் பாகை உயரம் இருக்கும். சூரியன் அந்தப் பத்துப் பாகையைக் கடக்க நாற்பது நிமிடம் வேண்டும். பஞ்சாங்கத்தின் அத்தமனம் ஆறு இருபது என்றால், அந்த ஊரின் அத்தமனம் ஐந்து நாற்பது. அங்கே பொழுது சாய்வது என்றால் கதிரவன் முகட்டுக்குப் பின்னே போவதுதான். பேருந்து அவர்கள் சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்து சரியாகப் போயிருந்தது. இரண்டு மலைகளுக்கும் இடையே ஒரு நிமிடம்தான் வேறுபாடு என்று தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்ட எனக்கு, ஒரே மலைக்குள் நாற்பது நிமிட வேறுபாடு உண்டு என்பதை ஒரு பேருந்து கற்பித்தது.

அன்றிரவு ஒரு மலையாளிக் குடும்பத்தார் என்னைத் தங்க வைத்தார்கள். மலையாளி என்றதும் கேரளத்தாரை நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்கிறவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. பேசுவது தமிழ்; தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். ஏலகிரியின் பழங்குடிகளும் இவர்களே. சாமைச் சோறும் துவரைக் குழம்பும் கொடுத்தார்கள். பிறகு திண்ணையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். வானத்தைப் பார்த்தேன். ஆம்பூரில் நான் அறிந்த வானம் அதன் கந்தல் என்று அப்போது விளங்கிற்று. வடமேற்கே வாணியம்பாடி இருக்கிற திசையில் மட்டும் மங்கலான ஒரு வெளுப்பு.

உறக்கம் வராமல் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். வீட்டுப் பெரியவர் மேற்கே நிமிர்ந்து பார்த்து, "அறுமீன் முகட்டைத் தொட்டுவிட்டது, பாதி ராத்திரி ஆயிற்று. படுங்கள் ஐயா" என்றார். என் கைக்கடிகாரத்தைத் தீக்குச்சி வெளிச்சத்தில் பார்த்தேன். மணி பன்னிரண்டு பத்து. கார்த்திகை என்று நாம் சொல்லும் விண்மீன் கூட்டம்தான் அறுமீன். மாசி மாதத்தில் அது நள்ளிரவில் மேற்கே இறங்கும். விண்மீன்கள் நாள்தோறும் ஏறத்தாழ நான்கு நிமிடம் முன்னதாக எழும். அடுத்த மாதம் அதே அறுமீன் இரண்டு மணி நேரம் முன்னதாக முகட்டைத் தொடும் என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

அவருக்கு அண்டை வீட்டுக்காரர்கள்போல் சிலர் இருந்தார்கள். அவர்களும் இந்த நான்கு நிமிடக் கணக்கை வைத்தே பிழைக்கிறவர்கள். காவலூரில் வைணு பாப்பு என்ற வானியல் அறிஞரின் முயற்சியால் 1960-களின் இறுதியில் தொலைநோக்கி அமைக்கும் பணி தொடங்கிற்று. 1972-இல் ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி வந்தது. 1982-இல் பாப்பு காலமானார். 2.34 மீட்டர் விட்டமுள்ள பெருந்தொலைநோக்கியை 1986 ஜனவரியில் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தபோது, நிலையத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். வானியலாருக்கு மூன்று நேரங்கள் வேண்டும்: சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் இந்திய நேரம், உலகத்தோடு பேசுவதற்குக் கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரம், தொலைநோக்கியைத் திருப்புவதற்கு விண்மீன் நேரம்.

நேரம் எவ்வளவு நுட்பமாக வேண்டும் என்பதற்கு ஒரு சான்று. 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு விண்மீனுக்கு முன்னே சென்று அதை மறைத்தது. மறைப்பதற்கு முன்னும் பின்னும் அந்த விண்மீன் சில கணங்கள் மங்கி மங்கித் தெளிந்தது. கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பது அப்படித்தான் வெளிப்பட்டது. அதைப் பதிவு செய்த இடங்களுள் காவலூரும் ஒன்று. 1988-இல் அங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. வாணியம்பாடிச் சந்தைக்குப் பலாப்பழம் இறங்குகிற பாதையில் இவ்வளவும் நடந்திருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

காவலூருக்கு வேண்டிய மூலப்பொருள் இருட்டு. நம் பகுதியில் எதைக் கெடுத்தாலும் தொழில் வளர்கிறது என்று சொல்லிவிடலாம். இருட்டைக் கெடுத்தால் ஒரு தொழில் அழியும். ஏலகிரிக்கு வந்ததுபோல் ஜவ்வாதுக்கும் விடுதிகள் வரட்டும் என்று அங்கே உள்ள இளைஞர்கள் ஆசைப்படுவதை நான் குறை சொல்ல மாட்டேன். சாமை விற்று வாழ்வது எவ்வளவு கடினம் என்பது சாமை தின்கிற நமக்குத் தெரியாது. ஆனால் விளக்குகள் வானத்தைப் பார்த்து எரிய வேண்டுமென்று என்ன கட்டாயம்? லடாக்கில் ஹான்லே என்ற இடத்திலும் ஒரு தொலைநோக்கி நிலையம் இருக்கிறது. சுற்றியுள்ள பகுதியை 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். விளக்குக்கு மூடி, சாளரத்துக்குத் திரை என்று ஊரார் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். விண்மீன் காட்டி வருவாய் ஈட்டவும் கற்றுக்கொண்டார்கள். ஜவ்வாதில் அறுமீனைப் பார்த்து மணி சொல்கிறவர்களுக்கு அதைக் கற்றுத்தரக்கூட வேண்டியதில்லை.

நேரத்தை அரசாங்கம் எப்படி வைத்தாலும் மலை தன் போக்கில் இருக்கும் என்பதற்கு வெளியூர்ச் சான்றும் தரலாம். உதகைக்கும் இலங்கையின் நுவரெலியாவுக்கும் சூரியக் கணக்கில் 16 நிமிட வேறுபாடு. இரண்டும் தேயிலை மலைகள். இரண்டிலும் தமிழர்கள் வாழ்கிறார்கள். கடிகாரம் நெடுங்காலம் ஒன்றாகவே இருந்தது. 1996 மே மாதம் மின்தட்டுப்பாட்டை முன்னிட்டு இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது. அக்டோபரில் அதில் பாதியைத் திருப்பிக்கொண்டது. 2006 ஏப்ரலில் மீதியையும் திருப்பியது. அந்தப் பத்தாண்டுகளில் இலங்கையின் தேயிலைத் தோட்டத்துப் பெண் கொழுந்து கிள்ளப் புறப்பட்டபோது, கடிகாரம் என்ன சொன்னாலும் இருட்டு எவ்வளவு இருந்ததோ அவ்வளவு இருந்தது. அசாமில் இதற்கு நேர்மாறு. அங்கே சூரியன் வெகு முன்னதாக எழுவதால், தேயிலைத் தோட்டங்கள் இந்திய நேரத்துக்கு ஒரு மணி முன்னே ஓடும் தோட்ட நேரம் ஒன்றைத் தாமாகவே வைத்துக்கொண்டிருக்கின்றன.

இவ்வளவையும் கேட்டுவிட்டு என் மருமகள், "அப்படியானால் ஜவ்வாதுக்கே போகிறோம்" என்றாள். சனிக்கிழமைகளில் காவலூர் நிலையத்தில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம் என்றும், அன்று மாலை அதைப் பார்த்துவிட்டு, இரவு ஜமுனாமரத்தூரில் தங்கி, விடியலில் கிழக்குச் சரிவுக்குப் போய், பிறகு பீமன் அருவியைப் பார்த்துத் திரும்பலாம் என்றும் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் அதைப் படித்துப் பார்த்தாள். விரலை மடக்கி எண்ணினாள்.

"சனிக்கிழமை எங்களுக்கு வேலை உண்டே, மாமா. இத்தாலிக்குப் போகிற சரக்கு இருக்கிறது. விடுவதற்கு ஏழு மணி ஆகும்" என்றாள்.

எட்டுப் பேரும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் பிடித்து ஏலகிரிக்குப் போய்வந்தார்கள். புங்கனூர் ஏரியில் படகில் போனார்களாம், பலாச்சுளை வாங்கினார்களாம், எட்டு மணிக்கு வீட்டில் இருந்தாள். எனக்கு நான்கு சுளை கொண்டுவந்து கொடுத்தாள். நான் எழுதிக் கொடுத்த தாளைத் தூக்கி எறியவில்லை. பொங்கலுக்குச் சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை வருகிறதாம். தை மாதத்தில் அறுமீன் எத்தனை மணிக்கு முகட்டைத் தொடும் என்று கணக்கிட்டுச் சொல்லும்படி கேட்டிருக்கிறாள். மாசிக்கு நள்ளிரவு என்றால் தைத் தொடக்கத்துக்கு இரண்டு மணி பிந்தி, அதாவது பின்னிரவு இரண்டு மணி. அவ்வளவு நேரம் விழித்திருக்க முடியுமா என்று கேட்டேன்.

"கம்பெனிப் பேருந்து வராத மறுநாள் என்றால் விழித்திருக்கலாம்" என்றாள்.